நல்லாப் பேசுவா

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப்பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு கொப்பியை மூடியவன் நான். ழகரம் எனக்குப் பிழைக்காது. ணகரமும் னகரமும் மட்டும் இன்றுவரை ஒரு குத்துமதிப்புத்தான். (அச்சில் பிழையில்லாமல் இருந்தால் திருத்தியவருக்கு நன்றி சொல்லுங்கள்.)

அரியாலையில் எனக்கு ஒரு மா அரைக்கும் மில் இருக்கிறது. கூச்சக்காரனுக்கு அதைவிட நல்ல தொழில் இல்லை. மில் ஓடும்போது யாரும் யாரோடும் கதைக்க முடியாது. மிளகாய் அரைபடும் நேரத்தில் நான் நாவல் படிப்பேன். நான் திருப்பிக் கொடுத்த புத்தகத்தை அடுத்தவர் விரித்தால் தும்முவார்.

என் மகள் மேனகாவுக்கு உடுவிலில் ஒரு சம்பந்தம் வந்தது. சாதகம் பொருந்தியது. மாப்பிள்ளையின் தாய் ஓய்வுபெற்ற ரீச்சர், வாசகர் வட்டம் நடத்துபவர். நான் நாவல் படிப்பவன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இன்னும் முடிவு சொல்லாத அவர், "ஞாயிற்றுக்கிழமை வாங்கோ அண்ணை, கடைசியா வாசிச்ச நாவலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கோ" என்றார்.

"இஞ்சேருங்கோ," என்றாள் என் மனைவி யோகம், "அங்கை வாயைக் குடுத்து எல்லாத்தையும் குழப்பிப்போடாதேங்கோ. பிள்ளையின்ரை வாழ்க்கை."

சனிக்கிழமை முழுக்க மில்லைப் பார்த்து ஒத்திகை செய்தேன். அது ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை.

நான் படித்து முடித்திருந்தது தமிழ்நாட்டு நாவல், புதிதாகக் கலியாணம் செய்த இருவரின் கதை. ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் எழுந்து நின்றேன். முன்வரிசையில் ரீச்சர்.

"உந்தப் பெடியன் ஒரு தெய்வப்பிறவி," என்று தொடங்கினேன். "கட்டின நாள் துவக்கம் மனிசி பேசிக்கொண்டே இருக்கிறா. காலமை பேசுறா, பின்னேரம் பேசுறா, வேலைக்குப் போனாலும் விடாமல் போனிலை எடுத்துப் பேசுறா. உவன் சிரிச்சுக்கொண்டு கேக்கிறான்! ஒருநாள் ரெண்டு பேருமா மொட்டைமாடியிலை விடியவிடியப் பேசியிருக்கினம். பக்கத்து வீட்டுச் சனம் எப்பிடி நித்திரை கொண்டதோ!"

பின்வரிசையில் இருந்த தபால்காரர் மெதுவாகக் கேட்டார்: "அண்ணை, உது காதல் கதையெல்லே? அங்கத்தைய ஆக்கள் பேசுறது எண்டா, கதைக்கிறதெல்லே?"

கூரை பறக்கிற மாதிரிச் சிரித்தார்கள்.

எங்கள் ஊரில் வாயால் செய்வதற்குக் 'கதைப்பது' என்று பெயர். 'பேசுவது' என்றால் ஏசுவது. எனக்குத் தெரியாததல்ல, நானும் படம் பார்க்கிறவன்தான். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே பஸ்ஸில் காலை மிதித்ததற்கு அவள் அவனிடம் கோபமாகப் பேசினாள். அந்தப் பிடியிலேயே கடைசிப் பக்கம்வரை போய்விட்டேன். (அவனுக்காக அழுதும் இருக்கிறேன். மிளகாய்த்தூள் பாதி என்று வையுங்கள்.)

அதோடு இருந்திருக்கலாம். சமாளிக்கப் பார்த்தேன். "எங்கடை வீட்டிலையும் மனிசி உப்பிடித்தான் பேசுறவ. அதாலை எனக்கு வித்தியாசம் தெரியேல்லை."

ரீச்சர் சிரிக்கவில்லை. "அப்ப மகளும் பேசுவாவோ?"

பேசுவது என்றால் கதைப்பது என்று அப்போதுதானே படித்திருக்கிறேன்? புதுப் பாடம் தந்த துணிவில் நிமிர்ந்து நின்று சொன்னேன்: "ஓம் ரீச்சர். தாயைப் போலவே நல்லாப் பேசுவா. விருந்தாள் வந்தால் நிப்பாட்டவே ஏலாது."

தபால்காரர் தலையில் கைவைத்தபோதுதான் ரீச்சர் எந்தப் பேச்சைக் கேட்டார் என்று விளங்கியது. தேத்தண்ணி கொடுத்தார்கள். கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டுப் பஸ் பிடித்தேன்.

நடந்ததை வீட்டில் சொன்னேன். யோகம் பேசினாள். (நாவலின் அகராதிப்படி அல்ல, எங்கள் அகராதிப்படி.) மேனகா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அதுதான் சுட்டது. பிறகு அந்தக் கிழமை முழுவதும் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் நான் மில்லைப் போட்டேன், அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும்.

ஒருநாள் மேனகா வந்து மில்லை நிறுத்தி, தொலைபேசியை என் காதில் வைத்தாள். ரீச்சர்.

"அண்ணை, என்ரை பெடியன் உங்களைப் போலத்தான், வாய் திறக்கமாட்டான். வீட்டிலை பேசுறதுக்கு ஒராள் வேணும். நானும் எத்தினை நாளைக்குப் பேசுறது? நாங்கள் கலியாணத்தைப் பேசி முடிப்பமோ?"

பேச்சில் மூன்றாவதும் ஒன்று இருப்பதை அப்போதுதான் நினைத்தேன். "ஓம்" மட்டும் சொன்னேன். வேறு ஒன்றையும் என் வாயை நம்பிக் கொடுக்கவில்லை.

இப்போதும் மருமகன் எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தால், பின்னால் யோகத்தின் குரல் கேட்டதும் முதலில் கேட்பது இதுதான்: "மாமா, மாமி கதைக்கிறாவோ, பேசுறாவோ?"

இன்று ஆடிப்பிறப்பு. கூழ் ஆறுகிறது, எழுதினது காணும், குடிக்க வாங்கோ என்று உள்ளே யோகம் பேசிக்கொண்டிருக்கிறாள்.