தர்ஷினி தானாகவே உட்கார்ந்த கதை

துணிக்கடை சேல்ஸ்மேன் வாயில் குறை என்ற சொல்லே வராது. சாயம் போகுமா என்று கேட்டால், "கிழிஞ்சாலும் போகாதுங்க" என்போம். (கிழியும் என்று நாங்களே ஒப்புக்கொண்டது வாடிக்கையாளருக்கு உறைப்பதற்குள் பில் போட்டுவிடுவோம்.) திண்டுக்கல் கடைவீதியில் பல வருஷமாகப் புடவை விரித்துப் பழகிய இந்த வாய்தான், என் மகளுக்கு வரவிருந்த நாற்காலிக்கு உலை வைக்கப் பார்த்தது.

மகள் தர்ஷினிக்கு அப்போது எட்டு வயது. பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் அவளுக்கு முதுகு நிலைக்காது. பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும். வந்தால் நறுக்கென்று வரும். பள்ளியில் சுவர் மூலையில் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைப்பார்கள். கரும்பலகையை நிமிர்ந்து பார்ப்பதற்குள் சரிந்துவிடுவாள். நெஞ்சுக்குப் பட்டையும் முன்னால் எழுதும் பலகையும் வைத்த விசேஷ நாற்காலி கிடைத்தால், மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவளும் எழுதலாம். அதற்காக ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் நத்தத்திலிருந்து வந்த ஓர் அம்மா, மகனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகாம்களில் பழம் தின்று கொட்டை போட்டவர். எதற்கு எந்த மேசை, ரயில் பாஸுக்கு எங்கே போக வேண்டும், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எப்படிச் சேருவது என்றெல்லாம் கேட்காமலே சொன்னார்.

"தம்பி, உள்ள போனா பிள்ளைக்கு என்ன முடியலையோ அதை மட்டும் சொல்லுங்க. பெருமை பேசுறதெல்லாம் வீட்டுல வச்சுக்கங்க" என்றார் கடைசியாக.

"கேட்டுக்கிட்டீங்கள்ல?" என்றாள் என் மனைவி கவிதா.

"எனக்குத் தெரியாதா!"

தெரிந்து என்ன பிரயோஜனம்? வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் தர்ஷினியைப் பார்த்ததும் 'உச்' கொட்டுவார்கள். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "மாமாவுக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லு", "சித்திக்கு ஒரு பாட்டுப் பாடு" என்று ஆரம்பித்து, வந்தவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடும் வரை விடமாட்டேன்.

உள்ளே, யாருக்கு என்ன கொடுப்பது என்று கேட்டு எழுதும் கண்ணாடி போட்ட ஒரு மேடம் இருந்தார். மேசையோரம் கிடந்த பெஞ்சில் தர்ஷினியை உட்கார வைத்து, ஒட்டி நானும் உட்கார்ந்தேன். மேடம் அவளைப் பார்த்து லேசாக 'உச்' கொட்டினார். அவ்வளவுதான், எனக்குள் இருந்த சேல்ஸ்மேன் எழுந்துவிட்டான்.

"தானா சாப்பிடுவாளா சார்?"

"சூப்பரா சாப்பிடுவா மேடம்! பிரியாணின்னா கேக்கவே வேணாம்!" (ஊட்டிவிடுவது கவிதா. அதைச் சொல்ல விட்டுப்போனது.)

"எழுதுவாளா?"

"முத்து முத்தா எழுதுவா!"

கவிதா என் காலை மிதித்தாள். நான் காலை நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

"உக்காருவாளா?"

"பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க மேடம், எம்புட்டு நேரமா உக்காந்திருக்கா! நாள் பூரா உக்காருவா!"

மேடம் பேனாவை மூடினார். "ரொம்ப சந்தோஷம் சார். அப்ப இவளுக்கு சேர் தேவைப்படாது. முடியாத பிள்ளைங்க நிறைய வெளிய நிக்கிறாங்க."

ஒரே தாவலில் கட்சி மாறினேன்.

"ஐயோ இல்ல மேடம், இவளுக்கு ஒண்ணுமே வராது மேடம்!"

"ஏழா...ம் வாய்ப்பா...டு வரும்" என்றாள் தர்ஷினி, ரோஷத்தோடு. சொன்னதோடு நிற்காமல் "ஓரேழு... ஏழு" என்று ஆரம்பித்தும்விட்டாள்.

மேடம் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். அப்போதுதான் கவிதா சொன்னாள்: "ஏங்க, கையை எடுங்க."

"எந்தக் கை?"

சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. என் வலது கை தர்ஷினியின் முதுகுக்குப் பின்னால் அவள் கவுனைக் கொத்தாகப் பிடித்திருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தக் கை என்னைக் கேட்காமலே அங்கே போய்விடும்.

எடுத்தேன். தர்ஷினி வாய்ப்பாட்டை நிறுத்தாமல், மெல்ல மெல்ல மேசைப் பக்கம் சரிந்து, திறந்திருந்த ஸ்டாம்ப் பேடில் கன்னத்தைப் பதித்தாள். போகிற போக்கில் ஆறிப்போயிருந்த டீயை மேடம் புடவையில் தட்டிவிட்டாள். பிறகு நீலக் கன்னத்தோடு கெக்கெக்கே என்று சிரித்தாள்.

நான் கர்சீப்போடு பாய்ந்தேன். புடவையைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்தது. "கவலைப்படாதீங்க மேடம், இந்தத் துணியில கறை நிக்காது."

கவிதா தலையில் அடித்துக்கொண்டாள். முறைத்துப் பார்த்த மேடம், அடக்க முடியாமல் தானும் சிரித்துவிட்டார். "சார் இனிமே பேச வேணாம். அம்மா, நீங்க சொல்லுங்க."

கவிதா சொன்னாள். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூக்கத்தில் புரட்டிவிடுவது, ஒன்று விடாமல் சொன்னாள். எல்லாம் வீட்டில் தினமும் நடப்பதுதான். ஆனால் ஒருவர் வரிசையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

நாற்காலி வந்தது. பள்ளியில் பட்டையைப் பூட்டி, பலகையைப் பொருத்தி, முன்வரிசையில் அவளை உட்கார வைத்தோம். வகுப்பே வேடிக்கை பார்க்க, தர்ஷினி திரும்பாமலே சொன்னாள்:

"அப்...பா, கையை எடு."

எடுத்தேன். சரியவில்லை. அவள் பாட்டுக்குப் பென்சிலை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் எதில் மூக்கை நுழைத்தாலும், அது கவிதா வைக்கும் குழம்பானாலும் தர்ஷினி போடும் கணக்கானாலும், "கையை எடு" என்று இரண்டு பேரும் கோரஸ் பாடுவார்கள். நானும் சிரித்துக்கொண்டே எடுத்துவிடுவேன். எடுத்த கையை எங்கே வைப்பது என்பதுதான் இன்னும் பழகவில்லை.