பால் காய்ச்சிய பிறகு பார்த்த வீடு

பக்தி கூடிய மனிதன் ஒப்பந்தம் எழுதினால் அதில் கடவுளுக்கு இடமிருக்கும், மற்ற எதற்கும் இருக்காது. என்னைத்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் எனக்கு வீட்டு வியாபார ஆசை பிடித்தது. வீட்டுச் சொந்தக்காரரோடு ஒரு விலைக்கு எழுதிக்கொண்டு, அந்த உரிமையை இன்னொருவருக்கு லாபத்தில் கைமாற்றுவது. (கேட்கச் சுகமாகத்தான் இருக்கும்.) என்னிடம் வாங்க வந்த முதல் ஆள் செல்வம் அண்ணை. என்னை நம்பி, இருந்த வாடகை வீட்டை விடுவதாக எழுதியே கொடுத்துவிட்டார்.

ஒப்பந்தத்தை நானே எழுதினேன். பிள்ளையார் சுழி, பெயர்கள், விலை, பால் காய்ச்சும் நல்ல நேரம். அந்த நேரத்துக்கு முன் ஒருவரும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை வேறு. வீட்டை முதலில் பார்க்க வேண்டும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும், சரிவராவிட்டால் விலக வழி வைக்க வேண்டும்... இதெல்லாம் நான் படித்த எட்டாம் வகுப்பில் இல்லை.

உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போகுமுன், பால் காய்ச்ச மட்டும் வீட்டுத் திறப்பை, அதுதான் சாவியை, வாங்கினோம். யன்னலை அடைத்த பனிப்புகார். வெறும் வீடு. ஆனால் மாடிப்படிக் கைப்பிடியில் தூசியே இல்லை.

பாலை அடுப்பில் வைத்து என் மனைவி தேவாரம் தொடங்கினாள். மேலே யாரோ நடந்தார்கள். அவள் நிறுத்தினாள், நடையும் நின்றது. மறுபடி தொடங்கினாள், மறுபடி நடந்தது.

"மேலை ஆரப்பா?" அண்ணை படிப்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஒருத்தரும் இல்லை அண்ணை. குளிருக்குப் பலகை சத்தம் போடும்."

"பலகை செருப்புப் போடுமோ?"

படிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. வெள்ளை உடுப்பு, அவிழ்ந்த வெள்ளை முடி. குசினி வாசலில் நின்று, பொங்கி வழியும் பாலையே பார்த்தது அந்த உருவம்.

"எனக்கு வீடு வேண்டாம்! விலக வழி எழுதினனீரோ?" என்று அலறினார் அண்ணை.

"இல்லை அண்ணை!"

முருகா என்று விபூதி முழுவதையும் அதன் முகத்தில் கொட்டினேன். பேய் தும்மியது.

"கெசுண்ட்ஹைட்," என்றார் அண்ணை. (இந்த நாட்டில் யார் தும்மினாலும் சுகமாயிருக்கச் சொல்லும் பழக்கம் அவருக்கு ஊறிவிட்டது.)

"டாங்கே," என்று நன்றி சொன்னது பேய்.

அவர் வீட்டுச் சொந்தக்காரரின் தாயார். சாகும்வரை மேல்மாடியில் குடியிருக்க உரிமை பதிந்து வைத்தவர். பாட்டைத் தேடி இறங்கி வந்தாராம். மகனைக் கேட்டோம். "வந்து பார்த்திருந்தால் காட்டியிருப்பேனே," என்றார்.

போக இடமில்லாத அண்ணை, அந்த அம்மாவோடு சேர்த்தே வீட்டை வாங்கினார். விலையில் குறைந்தது என் லாபம் முழுவதும்.

அந்த அம்மா காலமாகிப் பல வருடங்கள். தேவாரம் பாடினால் இன்னும் மேலே நடை கேட்கிறதாம். "இதையும் எழுத மறந்திட்டீர்" என்று கலியாண வீடுகளில் அண்ணை என்னைப் பிடிக்கிறார். பலகைச் சத்தம் என்று நானும் சாதிக்கிறேன். ஆனால் அவர் வீட்டில் தும்மல் கேட்டால், எல்லோரும் மேலே பார்த்துத்தான் கெசுண்ட்ஹைட் சொல்கிறோம்.