மூணு தடவை வரலாமா

பாலசமுத்திரம்,
ஞாயிற்றுக்கிழமை.

திருப்பதியில் மகள் சுமித்ரா வீட்டில் முட்டி ஆபரேஷன் முடிந்து ஓய்விலிருக்கும், என் அக்காள் கணவரும் புருஷோத்தமன் மைக்செட் உரிமையாளருமான மாமா அவர்களுக்கு, மைத்துனன் கோபிகிருஷ்ணன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், மனைவி பிரியங்கா, கறவை மாடு உட்பட யாவரும் நலம். தங்கள் நலத்தையும் தங்கள் முட்டியின் நலத்தையும் தனித்தனியே அறிய ஆவல்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று தாங்கள் கேட்கலாம். நாற்பது வருஷம் குழாய் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்ற காதுக்குப் போன் பேச்சு பாதிதான் போய்ச் சேருகிறது. இந்த விஷயத்தில் பாதி மட்டும் போய்ச் சேர்ந்தால் நான் கெட்டேன். ஆகவே முழுசாகப் படித்த பிறகு கோபித்துக்கொள்ளவும்.

ஆறு பெட்டி இசைத்தட்டுகளை என் வீட்டு நடு அறையில் இறக்கிவிட்டுப் போகும்போது தாங்கள் மூன்று கட்டளை இட்டீர்கள். படுக்க வைக்கக் கூடாது, வெயில் படக் கூடாது, எவன் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. மூன்றையும் உயிரைக் கொடுத்துக் காத்தேன். ஆனால் பொட்டு வைக்கக் கூடாது என்று தாங்கள் சொல்லவில்லை. ஆயுத பூஜை அன்று டிராக்டருக்கு, மோட்டாருக்கு, மிக்சிக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வச்சுக்கினு வந்தேன். நம்ம குடும்பத்துக்குச் சோறு போட்டதே இந்தத் தட்டுங்கதானே, இதுங்கள விட்டுட்டா பாவம் இல்லையான்னு பிரியங்கா கேட்டா. கேட்டவ மாவாட்டப் போயிட்டா. நான் ஒவ்வொண்ணா உறையிலேர்ந்து எடுத்து மூணு மூணு பொட்டா வச்சேன். நடுவுல இருக்கிற காகிதத்துலயே வச்சிருக்கலாம், ஆனா கறுப்புலதான் எடுப்பா தெரிஞ்சுது. சந்தனம் காஞ்சு வரிக்குள்ள எறங்கிடுச்சி. முதல் பெட்டி முடிச்சப்பவே கையில இருந்த சந்தனமும் முடிஞ்சுது, அது அந்த ஏழுமலையான் புண்ணியம்.

இந்த நிலைமையில்தான் திருப்பதியிலிருந்து நீரஜா என்று ஒரு அம்மாள் வந்தார். கோயில் கைங்கரியக் குடும்பம். பழைய சினிமாப் பாட்டுத் தட்டுகளைத் தேடிப் பிடித்து, கழுவி, பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தட்டையும் குளிர்ந்த அறையில் பத்திரப்படுத்துகிறவர். நம்ம 'வரலாமா' பாட்டைத்தான் ஒன்பது வருஷமாகத் தேடுகிறாராம். படம் பதினோரு நாள்தான் ஓடிற்றாம், அந்தத் தட்டு இப்போது எங்கேயும் இல்லையாம், கங்காதர நெல்லூர்ப் பந்தல்காரர் ஒருவர் தங்கள் பேரைச் சொன்னாராம். அப்படி ஒரு தட்டே எங்களிடம் இல்லை என்று நான் கூசாமல் சொல்லிக்கினு இருக்கும்போதே, எதிர்வீட்டு ரத்தினம்மா வேர்க்கடலை காயவச்சுக்கினு, "கரையோரம் நான் வரலாமா, வரலாமா, வரலாமா"ன்னு பாடினாங்க. நீரஜா அம்மா திரும்பிப் பார்த்தாங்க.

"அந்தப் பாட்டுதானே அவா பாடறது? ஆனா ஏன் மூணு தடவை வரலாமாங்கறா?"

தங்களுக்குத் தெரியாததல்ல. அந்த இடத்தில் முள் சிக்கும். மூணு தரம் வரலாமா வந்ததும் தாங்கள் விரலால் மெல்லத் தள்ளுவீர்கள், பாட்டு மேலே போகும். நாற்பது வருஷமாக இந்த ஊருக்குப் பாட்டே அதுதான். மூணாவது வரலாமாவுக்குக் கைதட்டாமல் இங்கே ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. கொடுக்கத்தானே கூடாது, காட்டலாமே என்று அந்த முதல் பெட்டியைத் திறந்தேன்.

மாமா, அந்த அம்மாள் வேலை செய்ததைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். பொட்டைப் பார்த்துக் கத்துவாங்கன்னு நெனச்சேன். "பூஞ்சை பாத்திருக்கேன், எண்ணெய் பாத்திருக்கேன், பூஜை பண்ணின தட்டை இப்பதான் பாக்கறேன்"னு சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. முதல்ல கழுவாமலே, இருக்கிறபடிக்கே ஒருதரம் பாடவச்சுப் பதிஞ்சுக்கினாங்க. அப்புறம் கொழந்தைக்குக் காது தொடைக்கிற மாதிரி, மெத்துன்னு ஒரு பிரஷ்ஷால வரி வரியா, அந்த ஒரு தட்டுக்கு மட்டும் மூணு மணி நேரம். பிரியங்கா வச்ச காபி ஆறி ஏடு கட்டிப்போச்சு. முள் சிக்கிற எடத்துல பூதக்கண்ணாடிய வச்சுப் பார்த்துட்டு, "இது கீறலே இல்ல. இனிப்பு. ஏதோ கல்யாணத்துப் பாயசம் ஒரு சொட்டு விழுந்து கல்லாப் போயிருக்கு"ன்னாங்க. தண்ணியிலேயே கரைஞ்சுடுச்சி.

அதற்குள் தெருவே வந்து நின்றுவிட்டது. பாட்டு ஓடிச்சு. கரையோரம் நான் வரலாமான்னு அவன் ஒரே ஒரு தரம் கேட்டான். கைதட்டத் தூக்கின கை எல்லாம் அப்படியே நின்னுபோச்சு. ஒடனே ஒரு பொண்ணு கொரலு, "வந்துதான் நிற்கிறாயே"ன்னுது. சிரிச்சுக்கினே பாடுது மாமா, பின்னால ஒரு புல்லாங்குழல். தாங்கள் தள்ளித் தள்ளி விட்டது அந்த இடத்தைத்தான்.

"ரெண்டு வரலாமாவத் துன்னுட்டாங்க, பாட்டக் கெடுத்துட்டாங்க"ன்னு பின்னால ஒரே சத்தம். ரத்தினம்மா மட்டும் கிட்ட வந்தாங்க. அப்புறம் மெதுவா கேட்டாங்க: "அப்ப அவ பதிலு சொல்லியிருக்கிறாளா? என் கல்யாணத்துலயும் இதத்தான் போட்டாங்க. மூணு தபா கேக்கிறான் பாவம், வாயத் தொறக்க மாட்டேங்குறாளே, என்னா திமிருன்னு இத்தினி வருஷமா அவளத் திட்டிக்கினு இருந்தேனே." இன்னொரு தரம் போடச் சொன்னாங்க. ஏழு தரம் போட்டாங்க நீரஜா அம்மா, ஒரு தரம்கூட மொகம் சுளிக்கல. சத்தம் போட்டவங்களையும், "மூணு வரலாமாவும் பத்திரமா இருக்கு, கழுவறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுட்டேன். இந்த ஊர் கேட்ட பாட்டு அது, அதையும் அழிக்கக் கூடாது"ன்னு சமாதானப்படுத்தினாங்க.

ஆகவே மாமா, ஆறு பெட்டியையும் அந்த அம்மாள் பொறுப்பில் திருப்பதிக்கு அனுப்பத் தாங்கள் அனுமதி தர வேண்டும். இங்கே இருந்தால் அடுத்த ஆயுத பூஜைக்கு நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. தங்கள் உத்தரவு வரும்வரை ஒரு தட்டைக்கூட வாசல்படி தாண்ட விடமாட்டேன். நடு அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பிலேயே வைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு, சுமித்ராவுக்கு ஆசி. மலையில் இருக்கிறவர் தங்களை எழுந்து நடக்க வைக்கட்டும்.

இப்படிக்கு,
கட்டளை மீறாத மைத்துனன்,
கோபிகிருஷ்ணன்

பி.கு: நடு அறைக்குப் பூட்டே கிடையாது. பெட்டி ஆறும் வெள்ளிக்கிழமையே நீரஜா அம்மா வண்டியில் போய்விட்டன. சம்மதக் காகிதத்தில் தங்கள் கையெழுத்தை நானே போட்டேன், நன்றாகவே வந்தது. அவங்க வீடு சுமித்ரா வீட்டுக்குப் பின்தெருதான். அந்தப் பொண்ணு பதில் சொன்னத இன்னும் கேக்காதது நம்மள்ல நீங்க ஒருத்தர்தான் மாமா. வண்டி வேணாம், மெதுவா நடந்தே போயிடலாம்.