ஒரு வியாதியும் இல்லாத பெண்

'கடைசியாக உங்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் யார்?' என்று காப்பீட்டுப் படிவத்தின் பத்தொன்பதாவது கட்டம் கேட்டது. 'யாரும் இல்லை' என்று, வெளிநாட்டில் வேலை பார்க்கும் லிப்ட் என்ஜினியர் எழுதி அனுப்பினாள். மூன்று முறை அனுப்பினாள். மூன்று முறையும் சுவரில் அடித்த பந்து போலப் படிவம் திரும்பி வந்தது.

இன்னும் பன்னிரண்டு நாள். அதற்குள் மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டாவிட்டால் விசா நீட்டிப்பு கிடையாது, வேலை கிடையாது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். திட்டத்தைத் தேர்ந்தெடுக்கவே ஒரு வாரம் போயிற்று. வெள்ளித் திட்டத்தில் பல் இல்லை. தங்கத் திட்டத்தில் பல் உண்டு, கண் இல்லை. வைரத் திட்டத்தில் எல்லாம் உண்டு, அதை வாங்கினால் சோறு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வெள்ளிக்கு விண்ணப்பித்தாள்.

வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. எந்தத் தாள் வந்தாலும் படித்து, நிரப்பி, சண்டை போட்டு ஜெயிப்பது பதினேழு வயதிலிருந்து அவள் வேலை. கல்விக் கடன் முதல் தெருவிளக்கு மனு வரை அவளிடம் தோற்காத படிவம் கிடையாது. இது மட்டும் அடங்காமல் நின்றது.

காப்பீட்டுக் கம்பெனியைக் கூப்பிட்டுக் கத்தியதில், தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவரைக் கொடுத்தார்கள்.

"மேடம், இருபத்தேழு வயசு வரைக்கும் ஒரு டாக்டரைக்கூடவா பார்க்கலை?"

"பார்த்திருக்கேன் சார். பஸ்ல. வைத்தியத்துக்குப் பார்க்கலை."

"காய்ச்சல்கூட வந்ததில்லையா?"

"வரும். ரெண்டு நாள் இருக்கும். இங்க நமக்கு மரியாதை இல்லேன்னு தெரிஞ்சதும் போயிடும்."

"போனதுக்கு ரெக்கார்டு இருக்கா?"

"வந்ததுக்கே இல்ல!"

அதிகாரி பெருமூச்சு விட்டார். "நான் நம்பறேன் மேடம். கம்ப்யூட்டர் நம்ப மாட்டேங்குது. ரெக்கார்டு இல்லாதவங்க ரெண்டே வகைதான்னு அதுக்குச் சொல்லி வச்சிருக்காங்க. ஒண்ணு இன்னும் பிறக்காதவங்க, இல்லேன்னா எதையோ மறைக்கிறவங்க."

"ரெக்கார்டுங்கறது படுக்க நேரம் இருக்கிறவங்களுக்கு சார். எங்க வீட்ல ஒரு நாள் படுத்தா அன்னைக்குக் கூலி இல்ல. அதனால யாரும் படுக்கிறதில்ல."

"இதைப் போட கட்டம் இல்லை மேடம்."

அறைத்தோழி வயதில் மூத்தவள். பத்து வருடமாக அந்த ஊரில் பிழைப்பவள். "இவ்வளவுதானா? நாளைக்கே ஒரு கிளினிக்குக்குப் போ. ஒண்ணும் இல்லேன்னு எழுதி வாங்கிட்டு வா" என்றாள்.

"சரிக்கா" என்று என்ஜினியர் போனாள்.

"உடம்புக்கு என்ன செய்கிறது?" என்றார் டாக்டர்.

"ஒண்ணும் பண்ணலை."

"பிறகு எதற்கு வந்தீர்கள்?"

"அதை எழுதிக் குடுங்க."

டாக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். முட்டியில் சுத்தியலால் தட்டினார். கால் நல்ல பிள்ளையாக எழும்பியது. பிறகு நிதானமாக எழுதினார்: 'தனக்கு எந்த நோயும் இல்லை என்று திடமாக நம்புகிறார். மனநல ஆலோசகரைப் பார்க்கவும்.'

அந்தத் தாள் அவளுக்கு முன்பே கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆலோசகரைப் பார்க்காமல் விண்ணப்பம் இனி ஒரு அடி நகராது என்றார்கள்.

"உங்களுக்கு யார் மீதாவது கோபம் உண்டா?" என்று ஆலோசகர் மென்மையாகக் கேட்டார்.

"பத்தொன்பதாம் கட்டத்து மேல."

"அது உங்களிடம் பேசுகிறதா?"

அவள் பேசினாள். நாற்பது நிமிடம் பேசினாள். அவர் பயந்துபோய் ரத்த அழுத்தம் பார்த்தார். கருவியின் எண் ஏறிய இடத்திலிருந்து இறங்க மறுத்தது. அதையும் எழுதினார்.

போன வாரம் ஒரு வியாதியும் இல்லாதவள், இந்த வாரம் இரண்டு வியாதிக்குச் சொந்தக்காரி.

"நல்லதாப் போச்சு, ரெக்கார்டு வந்துடுச்சே" என்றாள் அறைத்தோழி.

"வந்துடுச்சுக்கா. புதுசா வியாதி வந்தவங்களுக்கு மூணு மாசம் கழிச்சுத்தான் பாலிசியாம். எனக்கு நாலு நாள்தான் இருக்கு. போதும், இனிமே யோசனை சொல்லாதீங்க."

அன்று என்ஜினியர் போனில் போட்ட கூச்சலில் அதிகாரியே இறங்கி வந்தார். விண்ணப்பித்த பிறகு வந்த இரண்டு வியாதியையும் கணக்கில் எடுக்காமல் விட ஒரு வழி இருந்தது. பெற்றவர்களில் ஒருவர் இவளுக்குப் பழைய நோய் எதுவும் கிடையாது என்று கைப்பட எழுதித் தர வேண்டும். அதன் கீழ் இவள் உறுதிமொழி தர வேண்டும்.

அம்மா அன்றே எழுதி, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டாள். மறுநாள் அதிகாரி கூப்பிட்டார்.

"மேடம், கடிதத்துல சின்ன சந்தேகம். படிக்கிறேன். 'என் மகள் லட்சணமானவள். பிறந்தது முதல் தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை.' இது வரைக்கும் சரி. 'குரலை உயர்த்திப் பேச மாட்டாள். பெரியவர்களை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.'" அவர் தொண்டையைக் கனைத்தார். "இது உங்களைப் பத்தித்தானா?"

"என்னைப் பத்திதான்! அதுல உங்களுக்கு என்ன சந்தேகம்?" என்று அவள் போட்ட சத்தத்தில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

உறுதிமொழித் தாள் வந்தது. 'நான் ஒருபோதும் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றதில்லை. இது பொய்யானால் காப்பீடு ரத்தாகும். விசா அலுவலகத்துக்கும் தெரிவிக்கப்படும்.' பொய் சொல்கிறவள்தானே பயப்பட வேண்டும்? கையெழுத்துப் போட அழுத்தின அழுத்தில் பேனா அடுத்த தாள் வரை பதிந்தது.

வெள்ளிக்கிழமை காலை அட்டை வந்தது. மதியம் விசா நீண்டது. மாலையில் வீட்டுக்குப் போன் போட்டாள். அம்மா கடைக்குப் போயிருந்தாள். 'சாப்பிட்டியா' என்பதைத் தாண்டிப் பேசியறியாத அப்பா எடுத்தார்.

"ஜெயிச்சுட்டேன்பா! பிறந்ததுலேருந்து ஆஸ்பத்திரி பக்கமே போனதில்லேன்னு சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்துட்டேன். அம்மா சொன்னதை அப்படியே ஒத்துக்கிட்டாங்க."

அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

"அம்மா சொன்னது மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குச் சொல்றதும்மா" என்றார் அப்பா. "மூணு வயசு வரைக்கும் நீ பெரியாஸ்பத்திரியிலதானே வளர்ந்தே, உனக்கு நடக்கச் சொல்லிக் குடுத்ததே அங்க இருந்த நர்ஸம்மாதான், பைலு அஞ்சு கிலோ இருக்கும், அனுப்பி வைக்கட்டுமா?"