பிள்ளை இரவல் வாங்கிய ராட்டினம் அக்கா

மனிதர்கள் அடுத்த வீட்டில் என்னென்னவோ இரவல் கேட்பார்கள். இட்லிக் குண்டான் கேட்பார்கள், ஏணி கேட்பார்கள், சுத்தியலை வாங்கிப் போய் அதைத் தங்கள் பரம்பரைச் சொத்தாகவே ஆக்கிக்கொள்வார்கள். ஆனால் அடுத்தவள் பெற்ற பிள்ளையை இரவல் வாங்கி, ஒரு சாயங்காலம் முழுக்க உபயோகித்து, முகம் கழுவித் தலை வாரிப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்த ஒரே ஆள் இந்தப் பூமியில் எங்கள் ராட்டினம் அக்காதான். வேறு யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

லாஸ்பேட்டை அரசு குவார்ட்டர்ஸில் எங்களுக்கு நேர் மேல் வீடு அவருக்கு. ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டெண்ட். அக்கா உள்ளே நுழைந்தால் அங்கே ஃபேன்கூட சத்தம் போடாமல் சுற்றும் என்பார்கள். வாசலில் பெயர்ப் பலகை இருந்தது. ஆனால் குவார்ட்டர்ஸ் முழுக்க அவருக்கு ராட்டினம் என்றுதான் பெயர். ஏன் என்று நாங்கள் குடிவந்த வருஷம் மே மாதம்வரை எனக்குத் தெரியாது.

புதுச்சேரியில் குடியிருக்கிறவர்களுக்கு மே மாதம் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் பிள்ளைகளுக்கு ஏப்ரலிலேயே புது வகுப்பு ஆரம்பித்துவிடும். புத்தகத்துக்கெல்லாம் அட்டை போட்டு நிமிர்வதற்குள் லீவு விட்டுவிடுவார்கள். அதற்கு முன்பே விழுப்புரத்திலிருந்து என் நாத்தனார் தன் பிள்ளைகளோடு வந்து இறங்கியிருப்பாள். ஊரே கடற்கரைக்காக எங்கள் ஊருக்கு வருகிறபோது நாங்கள் எங்கே போவது? அரிசி கழுவிக்கொண்டு வீட்டிலேயே கிடப்போம். "பீச்சுக்குப் போலாம், பீச்சுக்குப் போலாம்" என்று பிள்ளைகள் காலையிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு வருகிற கோபத்துக்குக் கடலையே தூர்த்துவிடலாம் போலிருக்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமை, வீட்டில் பிள்ளைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டிருந்த நேரத்தில், அக்கா வாசலில் வந்து நின்றார். உள்ளே எட்டிப் பார்த்து, மார்க்கெட்டில் முருங்கைக்காய் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல நாளைக்கு எது சும்மா இருக்கும்?"

"எது அக்கா?"

"புள்ளதான். சாயங்காலம் ஒண்ணு வேணும். பொருட்காட்சிக்குக் கூட்டிட்டுப் போயிட்டுக் கொண்டாந்து வுட்டுர்றேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் அக்கா என் மகன் செழியனைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அப்போது அவனுக்கு ஐந்து வயது. தோளைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வாந்தி எடுக்குமா?" என்று கேட்டார். பழைய மிக்ஸி வாங்குகிறவர்கள் சத்தம் வருமா என்று கேட்கிற அதே குரல். லீவு நாளில் ஒரு பிள்ளையை யாராவது கேட்டால் எந்தத் தாய் மறுப்பாள்? ரெண்டாகவே எடுத்துக்கோங்க அக்கா என்றேன். "வேணாம், எனக்கு ஒண்ணு போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இருந்தாலும் பெற்றவள் அல்லவா, நானும் கூடப் போனேன். அங்கே போன பிறகுதான் கதை விளங்கியது. அக்காவுக்கு ராட்டினம் என்றால் உயிர். பெரிய ராட்டினம், கப்பல் ஊஞ்சல், டிராகன் ரயில் எதையும் விடமாட்டார். அதற்கென்று ஒரு புடவை வைத்திருந்தார். காற்றில் பறக்காதபடி உடம்பெல்லாம் ஊக்கு குத்தி, இரும்புக் கவசம் மாதிரி அதைக் கட்டிக்கொண்டு வருவார். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஏறினார். நான் கீழே செருப்புகளுக்குக் காவல்.

ராட்டினம் மேலே போனதும் செழியன் ஆரம்பித்தான் பாருங்கள் ஓர் அழுகை, அது காலாப்பட்டுவரை கேட்டிருக்கும். ராட்டினக்காரர் பதறிப்போய் நிறுத்தப் போனார்.

"ஏய், நிறுத்தாத!" என்று உச்சியிலிருந்து அக்கா கத்தினார்.

"மேடம், கொழந்த அழுவுது!"

"அது சந்தோஷத்துல அழுவுது, நீ சுத்துய்யா!"

கீழே நின்ற கூட்டம் முழுக்க யார் இந்தப் பிள்ளையைப் பெற்றவள் என்று தேடியது. நான் செருப்பு இரண்டு ஜோடியையும் அப்படியே விட்டுவிட்டு டெல்லி அப்பளக் கடைப் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன். "ஏன்க்கா, ஒங்களுக்குத்தானே ஆசை? டிக்கெட்ட வாங்கிட்டு ஒண்டியா ஏறிட்டுப் போறீங்க. இந்த அழுமூஞ்சி எதுக்கு?"

"நல்லா கேட்ட போ. கல்யாணம் ஆவாதவ, இந்த வயசுல ஒண்டியா ராட்டினத்துல சுத்துறாளேன்னு மறுநாள் ஆபீஸ் பூரா சிரிக்கும். அப்புறம் எவன் எனக்குப் பயப்படுவான்? கையில ஒரு புள்ள இருந்துச்சுன்னு வையி, 'பாவம், புள்ளைக்காவ ஏறியிருக்குது'ன்னு போயிடுவானுங்க."

சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் அக்கா சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் பிள்ளைக்கு என்று சொல்லி வாங்கிய பட்டத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. கடற்கரையில் மணல் வீடு கட்டுகிற அப்பாக்களைப் பாருங்கள். பிள்ளை ஓரமாக உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருக்கும். அவர்களெல்லாம் பிள்ளையைச் சொந்தமாகப் பெற்றுவிட்டார்கள், அக்கா இரவல் வாங்கினார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் இது வழக்கமாகிவிட்டது. குவார்ட்டர்ஸில் எந்தப் பிள்ளை தேறும், எது கடைசி நேரத்தில் ஒண்ணுக்கு வருது என்று சொல்லும் என்பதெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தங்களுக்குள் கூடிப் பேசி, ராட்டினத்துக்கு ஒரு டெல்லி அப்பளம், டிராகன் ரயிலுக்கு அப்பளத்தோடு பஞ்சு மிட்டாயும் என்று கூலி நிர்ணயித்துவிட்டார்கள். ஆபீஸில் ஒருத்தருக்கும் வளையாத சூப்பிரண்டெண்ட், இந்தக் கூட்டத்திடம் பேரம் பேசித் தோற்றுப்போவார். ஒரு தடவை ரெண்டு பேரைக் கூட்டிப்போய், பக்கத்து பிளாக் பையனை என் வீட்டில் விட்டுவிட்டுச் செழியனை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டார். ஓடிப்போய்ச் சொன்னால், "ரெண்டும் ஒரே சைஸுதானேம்மா" என்கிறார்.

இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மே மாதத்தில் அக்காவுக்கு யானத்துக்கு மாற்றல் ஆர்டர் வந்தது. எங்கள் அரசாங்கத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது ஒரு தலைவிதி. எங்கேயோ ஆந்திரக் கரையில் கிடக்கிற யானமும் நம்ம புதுச்சேரிதான் என்று அனுப்பிவிடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பொருட்காட்சிக்குக் கடைசி நாள். மறுநாள் காலையில் அக்கா கிளம்ப வேண்டும்.

அன்றைக்கென்று பார்த்துக் குவார்ட்டர்ஸில் ஒரு பிள்ளை இல்லை. எல்லாம் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டன. என் சின்னவள் யாழினியும் நாத்தனாரோடு விழுப்புரம் போய்விட்டாள். மிச்சம் இருந்தது செழியன் ஒருத்தன்தான், அவனுக்கு எட்டு வயது ஆகியிருந்தது. அக்கா ஊக்கெல்லாம் குத்தி, ராட்டினப் புடவையில் வந்து நின்றார்.

"செழியா, கெளம்பு. இன்னிக்குக் கடைசி."

"நான் வர்ல அத்தை."

"அப்பளம் எத்தினி வேணும் சொல்லு."

"ஒண்ணும் வேணாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டெல்லி அப்பளத்தை வேண்டாம் என்கிற பிள்ளையா நான் பெற்றது?

"ஏன்டா?" என்றார் அக்கா.

"நான் என்னா கொழந்தையா? போன தடவ விஷ்ணு பாத்துட்டான். ஆன்ட்டி கையப் புடிச்சிக்கினு போறேன்னு கிளாஸ் பூரா சொல்லிச் சிரிக்கிறான்."

யாராவது ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லுகிற அக்கா, அன்றைக்கு அவன் தலையைத் தடவிவிட்டு, "அதுவும் சரிதான். பெரிய புள்ள ஆயிட்ட" என்றார்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் தனியாத்தான் போயிட்டு வாங்களேன்" என்றேன்.

"போம்மா. இத்தினி வருஷம் வராத தைரியம் இன்னிக்கா வந்துடப் போவுது? மூட்ட கட்ற வேலயாவது ஆவட்டும்."

மாடிப்படி ஏறும்போதே தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக்கொண்டு போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, மறைப்பானேன். திரும்பி வந்து செழியனை நாலு வார்த்தை திட்டலாம் என்று வாயைத் திறந்தால் அவன் முந்திக்கொண்டான்.

"அம்மா, அத்தைக்கு நெஜமாவே தனியா போவப் பயமா?"

"ஆமாடா. அவ்ளோ பெரிய ஆபீசரு, இதுக்குப் போயி பயப்படுது."

கொஞ்ச நேரம் மூக்கை நோண்டிக்கொண்டு யோசித்தான். பிறகு உள்ளே போய் அப்பாவின் வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டான். அது அவன் முழங்கை வரைக்கும் ஓடியது. "கொழந்தையா வர மாட்டேன். வேணும்னா நான் அத்தையக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினான். இறங்கி வரும்போது அக்காவின் கை அவன் கையில் இருந்தது. "அங்க கூட்டமா இருக்கும், கைய வுடக் கூடாது, சரியா?" என்று அவன் சொல்ல, அக்கா "சரிப்பா" என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். வீட்டைப் பூட்டிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

டிராகன் ரயிலில் பெரியவர்கள் பிள்ளைகளோடு மட்டும்தான் ஏறலாம். டிக்கெட் கிழிக்கிறவர், "கொழந்த யாரு மேடம்?" என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் செழியன் சொன்னான். "இவங்கதான். நான் கூட வந்த பெரியவன்." அந்த மனிதர் வாட்சைப் பார்த்தார், அக்காவின் ஊக்குகளைப் பார்த்தார், டிக்கெட்டைக் கிழித்து இரண்டு பேரையும் ஏற்றிவிட்டார்.

பெரிய ராட்டினத்து வரிசையில் நிற்கும்போதுதான் வினை வந்தது. நேர் எதிரே தனவேலு. அக்கா ஆபீஸ் பியூன். பெண்டாட்டி பிள்ளையோடு வந்திருந்தார்.

"மேடம்... நீங்களா?"

அக்கா முகம் வெளுத்துப்போய்விட்டது. வழக்கமாகக் கையிலிருக்கும் பிள்ளையை முன்னால் தள்ளிவிடுவார். இன்றைக்கு அந்தப் பிள்ளையே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான்தான் கூட்டிட்டு வந்தேன். அத்தை நாளைக்கு ஊருக்குப் போறாங்க. ராட்டினம் ஏறணும்னு ஆசப்பட்டாங்க" என்று போட்டு உடைத்துவிட்டது.

அக்கா செழியனைப் பார்த்தார். தனவேலுவைப் பார்த்தார். "ஆமா தனவேலு. ஆசப்பட்டேன்" என்றார்.

தனவேலு சிரித்தார். "அட, இது எங்களுக்குத் தெரியாதா மேடம்? மே மாசத்துல திங்கக்கெழமன்னா நீங்க யாரையும் திட்ட மாட்டீங்க. வெவகாரமான ஃபைலையெல்லாம் சேத்து வச்சி, அன்னிக்குத்தான் ஒங்க டேபிளுக்குக் கொண்டாருவோம்."

அக்காவுக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. "எந்தெந்த ஃபைலுய்யா?" என்று அவர் கேட்பதற்குள் தனவேலு தன் மகளைத் தூக்கி அக்காவிடம் நீட்டினார். "இவளயும் ஏத்திக்கோங்க மேடம். எனக்குத் தல சுத்தும்."

ஒரு பக்கம் செழியன், ஒரு பக்கம் தனவேலுவின் மகள். நடுவில் அக்கா. அன்றைக்கு உச்சியில் அந்தப் பெண் அழுத அழுகை இருக்கிறதே, செழியனின் பழைய சாதனையெல்லாம் ஒன்றுமே இல்லை. அதையும் மீறிக்கொண்டு அக்காவின் சிரிப்பு கீழே கேட்டது.

யானத்துக்குப் போன பிறகும் அடிக்கடி போன் செய்வார். முதல் வருஷம் ஒரே புலம்பல். "இங்க புள்ளைங்க தெலுங்குல அழுவுதுங்கம்மா. எதுக்கு அழுவுதுன்னே வெளங்க மாட்டேங்குது." போன வாரம் பேசும்போது குரலில் ஒரு கர்வம். "இங்க ராட்டினம் வந்திருக்கு. நேத்து ஒண்டியாவே ஏறிட்டேன் தெரியுமா? எவனுக்கும் பயப்படல."

"அய்யோ, சூப்பரு அக்கா! எப்படி இருந்துச்சு?"

குரலில் இருந்த கர்வம் இறங்கிவிட்டது. "என்னாத்த சொல்றது. மேல போனதும் பக்கத்துல யாரும் அழுவல. சப்புனு இருந்துச்சு."

இந்த லீவுக்கு ஊட்டி போகலாம் என்று என் வீட்டுக்காரர் அறை பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது யானத்துக்கு ரயில் பார்த்துக்கொண்டிருக்கிறார். "இந்த வெயில்ல யானத்துல என்னா இருக்கு?" என்று குவார்ட்டர்ஸில் கேட்காத ஆள் இல்லை. செழியனுக்குப் பத்து வயது ஆகிவிட்டது. ராட்டினத்தைக் கண்டால் இப்போது அவனுக்குத் துளிப் பயம் கிடையாது. ஆனாலும் இரண்டு நாளாகக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாக அழுது பழகிக்கொண்டிருக்கிறான்.