டிக்கியில் ஒயர் வைத்திருப்பவர்

பெட்ரோலுக்கு அழுகிற இனம் ஒன்று நம் திருப்பூரில் இருந்தது. அழிந்துவிட்டது என்று நிம்மதி அடைய வேண்டாம். கரண்டுக்கு அழுகிற இனமாக மறுபிறவி எடுத்திருக்கிறது. அடையாளம் சுலபம். புத்தம் புது எலெக்ட்ரிக் கார், அதன் டிக்கியில் நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர்.

"கிலோமீட்டருக்கு ஒரு ரூவாதானுங்க!" என்று காதர்பேட்டையில் டீ குடிக்கிற அத்தனை பேரிடமும் பீற்றிக்கொண்டு, அந்த ஒரு ரூபாயையும் அடுத்தவர் மீட்டரில் ஏற்றுவதுதான் இவர் கொள்கை. ரோட்டோர ஃபாஸ்ட் சார்ஜரா? "ஊட்டுக் கரண்டைப் போல ரெண்டு பங்கு கேக்கறானுங்க, பகல் கொள்ளை!" சரி, வீட்டிலேயே போடலாமே? "ஏசியோட காரும் சேந்தா யூனிட் ரேட்டு எகிறீருமுங்க!" பிறகு எங்கேதான்? மச்சானின் பனியன் கம்பெனியில், கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில், துக்க வீட்டில். ஆமாம், துக்க வீட்டிலும்தான். மாலையைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தபடியே பிளக்கைத் தேடுவார்.

மண்ணரை திருமூர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மகள் தேஜஸ்ரீக்குத் தாராபுரம் பக்கம் ஒரு இடம் அமைந்தது. மாப்பிள்ளை தரணீதரனை அவளுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. மகளோடு குடும்பமாக மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டியதுதான் பாக்கி. முதல் நாள் இவர் காருக்குச் சார்ஜே போடவில்லை. "தோட்டத்துல ஃப்ரீ கரண்டு இருக்குதல்லோ!"

போனார்கள். காபி டம்ளரைக் கையில் வாங்கியதும் முதல் கேள்வி: "ஏனுங்க சம்பந்தி, மோட்டார் ரூம் எங்கீங்க?"

தோட்டத்தின் மேல் எவ்வளவு அக்கறை என்று அவர்கள் நெகிழ்ந்தே போனார்கள். டிக்கி திறந்தது. நெகிழ்ச்சி அத்தோடு சரி.

மாப்பிள்ளையின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "அது வெவசாயத்துக்கு மட்டுந்தானுங்க. காருக்குப் போட்டது தெரிஞ்சா லைனையே புடுங்கிப்போடுவாங்க, தென்னை பூராக் காஞ்சிருமுங்க. ஊட்டு லைன்ல போட்டுக்கோங்க."

"அதுக்கு உங்களுக்குக் காசாகுமுங்களே! இங்க யாருங்க வந்து பாக்கப் போறாங்க?" என்று பெருந்தன்மையோடு சொல்லி, மோட்டார் ரூமிலேயே சொருகினார்.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா வேலாத்தாள் போனில் பேசினார். "பொண்ணு தங்கமுங்க. ஆனா நீங்க வர்றப்பெல்லாம் மோட்டார் ரூமைப் பூட்டி வெச்சுக்கிட்டு இருக்க எங்களால ஆகாதுங்க."

தேஜஸ்ரீ அழுதாள். "ஏம்ப்பா, அவரு உங்ககூடப் பேசறதுக்குன்னே பின்னாடியே வந்தாரு. ஒரு வார்த்தை பேசுனீங்களா?"

பாவம், மாப்பிள்ளையின் முகமே அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"பன்னண்டு பர்சென்ட் ஏறுச்சு கண்ணு" என்றார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். கடைசியாக ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குச் சார்ஜ் தீர்ந்த போனைத் தூக்கிக்கொண்டு போனீர்களே, வாசலில் உங்களை "வாங்க" என்று கூப்பிட்டது யார்? ஞாபகமில்லை. அங்கே பிளக் எங்கே இருந்தது? சோபாவுக்குப் பின்னால், இடது பக்கம்.