லைசென்ஸ் முசியேவும் நாலாவது மாடி நாயும்

புதுச்சேரியில் நாயைப் பிடிக்காதவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் நாய்களையும், நாய் வளர்ப்பவர்களையும், நாயே இல்லாதவர்களையும் ஒரே அளவுக்கு இம்சை பண்ணிய மனுஷர் எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவின் லைசென்ஸ் முசியே ஒருவர்தான்.

நகராட்சியில் நாய் லைசென்ஸ் கொடுக்கும் மேசையிலிருந்து ஓய்வு பெற்றவர், அதனால் லைசென்ஸ்; முசியே என்பது பிரெஞ்சுக்காரன் எங்கள் ஊரில் விட்டுப்போன 'ஐயா'. மேசையை மட்டும் மனசில் வைத்துக்கொண்டே வந்துவிட்டார். காலை ஆறு மணிக்கு இஸ்திரி போட்ட பேண்ட், சட்டைப்பையில் சாக்பீஸ். தெருவில் எங்காவது நாய் அசிங்கம் பண்ணியிருந்தால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, தேதியும் சொந்தக்காரரின் வீட்டு எண்ணும் எழுதுவார். ஒரு நாள் என் வீட்டு எண். நான் நாயே வளர்க்கவில்லை ஐயா! போய்க் கேட்டால், தெருநாய்க்கு நான் பொறை பிஸ்கட் போட்டதைப் பார்த்தாராம். போட்டவர்தான் பின்விளைவுக்கும் பொறுப்பாம். நான்தான் ஒரு வாளித் தண்ணீர் எடுத்துப் போய்க் கழுவினேன்.

ஊசி போட்ட சீட்டு எங்கே, கயிறு ஏன் இவ்வளவு நீளம் என்று நடுத்தெருவில் ஆளை நிறுத்துவார். அளக்கும் டேப்பை எட்ட நின்று வீசுவார். நாயின் சொந்தக்காரரே அளந்து கணக்குச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த மகானுபாவருக்கு நாய் என்றால் குலைநடுக்கம். லைசென்ஸுக்குக் குட்டியைத் தூக்கி வந்தால்கூட நாற்காலி மேல் ஏறிக்கொள்வார் என்று அவருடைய பழைய ஆபீஸ்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

போன வருஷம் எங்கள் குடியிருப்பில் நாலாவது மாடிக்கு செல்வி குடிவந்தாள். கண் பார்வை கிடையாது, பக்கத்து வங்கியில் வேலை. அவளுக்கு வழிகாட்டப் பழக்கிய டாலி என்ற கறுப்பு நாயும் கூட வந்தது. டாலி குரைத்து நான் கேட்டதில்லை. எங்கள் சங்கச் செயலாளர் தனசேகர்தான் குரைத்தார். லிஃப்ட்டில் முடி கொட்டுகிறது, பிள்ளைகள் பயப்படுகிறார்கள், நாய் போக வேண்டும், இல்லையென்றால் அவள் காலி பண்ண வேண்டும் என்று ஒரு மனு. பன்னிரண்டு வீட்டில் அவளைத் தவிர பதினோரு வீடும் கையெழுத்து. எதற்கு வம்பு என்று நானும் போட்டேன். தூ, அதுவும் ஒரு கையெழுத்தா!

செல்வி என் கதவைத் தட்டினாள். "அண்ணே, டாலி இல்லன்னா நான் வேலைக்கு எப்புடிண்ணே போவேன்? இதுக்கு முன்னாடி மூணு வூட்டுல இதையேதான் சொன்னாங்க." பார்க்கலாம்மா என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நோட்டீஸ் எழுத சட்டம் தெரிந்த ஆள் வேண்டுமே. தனசேகரின் மூளை வேலை செய்தது: நாயைக் கண்டால் முசியேவைவிட ஆகாதவர் யார் இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்தும் இடத்தில் நடந்த கூட்டத்துக்கு மரியாதையாகக் கூட்டி வந்தார்.

செல்வியோடு வந்திருந்த டாலியைப் பார்த்ததும் முசியே தூணுக்குப் பின்னால் போய்விட்டார். அங்கிருந்தே ஊசிச் சீட்டைக் கேட்டார். செல்வி நீட்ட, நான் வாங்கிக் கொடுத்தேன். லைசென்ஸ் கேட்டார், இருந்தது. டேப் பறந்து வந்தது. கயிற்றை அளந்தேன், சரியாக இருந்தது. குற்றம் எதுவும் கிடைக்காமல் மனுஷர் முகம் தொங்கிப்போனது. பிறகு எங்கள் மனுவை வாங்கி ரெண்டு தடவை படித்தார்.

"நாய் வளக்கக் கூடாதுன்னு சொல்ல ஒங்க சங்கத்துக்கு அதிகாரமே கெடையாது. லிஃப்ட்டுல ஏத்தாதன்னும் சொல்ல முடியாது. அதுலயும் இது இந்தப் பொண்ணுக்கு வழிகாட்டுற நாய். இவள வெளிய அனுப்புனீங்கன்னா கேஸ் ஒங்க பதினோரு பேர் மேல வரும். கையெழுத்து வேற போட்டு வச்சிருக்கீங்க, சாட்சியே தேட வேணாம்."

தனசேகருக்கு வியர்த்துவிட்டது. "ஒங்களுக்குத்தான் நாயே புடிக்காதே முசியே?"

"புடிக்காது. பயம். அதுக்குச் சட்டம் என்னா பண்ணும்?"

அப்போதுதான் கவனித்தேன். இவ்வளவையும் அவர் தூணைக் கட்டிப்பிடித்த பிடியை விடாமலேதான் சொல்லியிருந்தார். மனுவில் என் பெயரை அடிக்கப் பேனா தேடிய முதல் ஆள் நான்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து அடித்துவிட்டுப் போனார்கள்.

செல்வி கும்பிட்டு நன்றி சொன்னாள். முசியே அதைக் காதில் வாங்காமல், லைசென்ஸைத் தேதி தவறாமல் புதுப்பிக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு பாட்டம் டோஸ் விட்டார். விட்டுவிட்டு வாசலுக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். கேட்டுக்கு வெளியே மூன்று தெருநாய்கள் படுத்திருந்தன.

"ஏம்மா," என்றார் மெதுவாக, "நீ அந்தப் பக்கமா போற வேலை ஏதாவது இருக்கா?"

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. "இருக்குதுங்க, வாங்க போவலாம்" என்றாள் செல்வி.

முன்னால் டாலி, அதன் பின்னால் செல்வி, பத்தடி தள்ளி முசியே. கயிற்றை இழுத்துப் பிடி என்று வழியெல்லாம் அவளை அதட்டிக்கொண்டே போனார். அவர் வீடு போய்ச் சேரும்வரை நான் கேட்டிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆளை எனக்குப் பிடித்துத் தொலைத்துவிட்டது.